எழுத்துக்கூட்டும் அரசுறவும்: போர்ச்சுகீசிய எழுத்துக்கூட்டு உடன்பாடுகளின் வரலாறு (1911–2016)

1. முன்னுரை

ஒரு மொழி ஒரே நாட்டின் எல்லைக்குள் வழங்கும்பொழுது அதன் எழுத்துக்கூட்டைத் திருத்துவது கல்வித்துறையின் பணியாக முடிந்துவிடுகிறது. அதே மொழி பல தன்னுரிமை நாடுகளின் ஆட்சிமொழியாக இருக்குமாயின், அப்பணி அயலுறவுத் துறையின் பணியாகவும் மாறுகிறது. மொழியறிஞர் முடிவு செய்ததை அமைச்சர்கள் கையெழுத்திட வேண்டும். அமைச்சர்கள் கையெழுத்திட்டதை நாடாளுமன்றங்கள் ஏற்று உறுதி செய்ய வேண்டும். நாடாளுமன்றங்கள் உறுதி செய்ததை ஆசிரியரும் அச்சகத்தாரும் மொழிபெயர்ப்பாளரும் கையாள வேண்டும். இவற்றுள் ஒரு கண்ணி அறுந்தாலும் சீர்திருத்தம் ஏட்டளவில் நின்றுவிடும். இருபதாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசிய மொழி கண்ட எழுத்துக்கூட்டு உடன்பாடுகள் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக அமைகின்றன.

தமிழில் 'எழுத்துச் சீர்திருத்தம்' என்னும் தொடர் பெரும்பாலும் எழுத்துகளின் வரிவடிவ மாற்றத்தையே குறிக்கும். இங்கு ஆராயப்படுவது அதுவன்று. எந்தச் சொல்லை எந்த எழுத்துகளால், எந்த மேற்குறிகளோடு எழுதுவது என்னும் எழுத்துக்கூட்டு மரபே இங்குப் பொருளாகிறது. அம்மரபை ஒன்றாக்க எடுக்கப்பட்ட முயற்சிகள் நாடுகளுக்கிடையிலும் நிறுவனங்களுக்குள்ளும் எழுப்பிய கருத்து வேறுபாடுகளை வரலாற்று முறையில் நோக்குவதும், அவற்றின் மொழியியல் அடிப்படையைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. 1911ஆம் ஆண்டுச் சீர்திருத்தம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை போர்ச்சுகீசிய மொழிக்கு ஆணைவழி வந்த எழுத்துக்கூட்டு இருந்ததில்லை. இலத்தீன், கிரேக்க மூலங்களை நினைவூட்டும் வகையில் எழுதுவதே கற்றோர் வழக்கமாக இருந்தது. மருந்தகத்தைக் குறிக்கும் 'ஃபர்மசியா', மெய்யியலைக் குறிக்கும் 'ஃபிலொசொஃபியா' ஆகிய சொற்களில் ஃபகர ஒலி கிரேக்க மரபுப்படி பகரத்தோடு ஹகரம் சேர்த்தே எழுதப்பட்டது. ஒலிப்பில் இல்லாத இரட்டை மெய்களும் மிகுதியாக இருந்தன. சொற்பிறப்பு என்று கருதப்பட்டவற்றுள் சில தவறானவை என்பதையும் அறிஞர் எடுத்துக்காட்டினர்.

ஒலியியலறிஞர் கொன்சால்வெஸ் வியானா 1885ஆம் ஆண்டிலேயே வாஸ்கொன்செலோஸ் அப்ரெயு என்பவருடன் இணைந்து எளிய எழுத்துக்கூட்டுக்கான அடிப்படைகளை வெளியிட்டார். 1904இல் வெளிவந்த அவரது நூல் பின்வந்த சீர்திருத்தத்தின் அடித்தளமாயிற்று. 1910 அக்டோபர் 5ஆம் நாள் போர்ச்சுகலில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. மக்களுள் பெரும்பான்மையோர் எழுத்தறிவற்றவராக இருந்த அந்நாட்டில், கல்விப் பரவலைத் தன் கடமையாகக் கொண்ட புதிய அரசு 1911இல் ஒரு குழுவை அமைத்தது. கொன்சால்வெஸ் வியானா, கரோலினா மிக்காயெலிஸ் த வாஸ்கொன்செலோஸ், லெயித்தே த வாஸ்கொன்செலோஸ், அடோல்ஃபோ கொயெல்யோ முதலிய சிறந்த மொழியறிஞர்கள் அதில் இடம்பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அரசாணை வழியே புதிய எழுத்துக்கூட்டு நடைமுறைக்கு வந்தது.

மொழியியல் நோக்கில் இச்சீர்திருத்தம் ஆழ்ந்த புலமையின் விளைவு. எனினும் இருவகை எதிர்ப்பு எழுந்தது. முதலாவது இலக்கிய எதிர்ப்பு. பாதாளத்தைக் குறிக்கும் சொல்லில் கிரேக்க யகர எழுத்தை நீக்கினால் அச்சொல்லின் ஆழமும் இருளுமே போய்விடும் எனக் கவிஞர் தெய்ஷெய்ரா த பஷ்குவாயிஷ் வருந்தினார். ஃபெர்னாந்து பெசோவா தம் வாழ்நாள் இறுதிவரை பழைய முறையையே போற்றினார். எழுத்துக்கூட்டு என்பது ஒலிக்குறியீடு மட்டுமன்று, கண்ணுக்குரிய வடிவமும் ஆகும் என்னும் கருத்து இவர்களால் முன்வைக்கப்பட்டது. இரண்டாவது எதிர்ப்பே நீண்ட விளைவுகளை உண்டாக்கியது. அம்மொழியைப் பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்ந்த பிரேசிலை எவரும் கலந்துகொள்ளவில்லை. ஒரு மொழியின் எழுத்துக்கூட்டை ஒரு நாடு தனித்து மாற்றியதால், அன்றுவரை பொதுவாக இருந்த மரபு இரண்டாகப் பிளந்தது. பின்வந்த ஒரு நூற்றாண்டு முயற்சிகள் யாவும் அப்பிளவை ஒட்டவைக்கும் முயற்சிகளே எனலாம்.

3. இரு கழகங்களும் ஓர் அரசமைப்புச் சட்டமும்

பிரேசில் நாட்டிலும் சீர்திருத்த வேட்கை இல்லாமல் இல்லை. 1897இல் நிறுவப்பட்ட பிரேசில் இலக்கியக் கழகம், மெதெய்ரோஸ் எ அல்புகெர்க்கே முன்மொழிந்த எளிமையாக்கத் திட்டத்தை 1907இல், அதாவது போர்ச்சுகலுக்கு முன்னரே, ஏற்றுக்கொண்டது. 1915இல் போர்ச்சுகலின் முறையோடு ஒத்துப்போக அக்கழகம் முடிவு செய்தது. 1919இல் அம்முடிவு கைவிடப்பட்டது. ஒரே கழகம் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று நிலைப்பாடுகளை எடுத்ததிலிருந்து, கருத்து வேறுபாடு நாடுகளுக்கிடையே மட்டுமன்றி ஒரே அவையின் உறுப்பினர்களுக்கிடையேயும் இருந்தமை புலனாகும்.

1931 ஏப்ரல் 30ஆம் நாள் லிஸ்பன் அறிவியற் கழகமும் பிரேசில் இலக்கியக் கழகமும் முதல் உடன்பாட்டைச் செய்துகொண்டன. சாராம்சத்தில் 1911ஆம் ஆண்டு முறையைப் பிரேசில் ஏற்பதாக அது அமைந்தது. அவ்வாண்டு ஜூன் திங்களில் பிரேசில் அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் 1934இல் இயற்றப்பட்ட பிரேசில் அரசமைப்புச் சட்டம், தான் 1891ஆம் ஆண்டு அரசமைப்பின் எழுத்துக்கூட்டிலேயே எழுதப்படும் என்றும், அதுவே நாட்டில் வழங்கும் என்றும் விதித்தது. ஒரு நாட்டின் தலைமைச் சட்டமே எழுத்துக்கூட்டைப் பற்றித் தீர்ப்பளித்த அரிய நிகழ்ச்சி இது. 1938இல் மற்றோர் ஆணையால் 1931 உடன்பாடு மீண்டும் உயிர் பெற்றது. ஆணை, மறுப்பு, மீட்பு என ஏழாண்டுகளில் ஒரு தலைமுறை மாணவர் மும்முறை எழுத்துக்கூட்டு மாற்றத்தை எதிர்கொண்டனர்.

உடன்பாட்டுக்குப் பொருள் கூறுவதிலும் இரு கழகங்களும் வேறுபட்டன. லிஸ்பன் கழகம் 1940இல் தன் சொற்றொகுதியை வெளியிட்டது. பிரேசில் கழகம் 1943 ஆகஸ்டு 12ஆம் நாள் தனி எழுத்துக்கூட்டு விதித்தொகுப்பை ஏற்றது. ஒரே உடன்பாட்டிலிருந்து கிளைத்த இவ்விரு தொகுப்புகளும் பல இடங்களில் முரண்பட்டன. விதிகளில் உடன்படுவது எளிது; அவ்விதிகளைச் சொற்பட்டியலாக விரிக்கும்பொழுதே உண்மையான வேறுபாடு வெளிப்படும் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி அன்றே கற்பித்தது.

4. 1945: கையெழுத்தாகியும் நடைமுறைக்கு வராத உடன்பாடு

1943 டிசம்பரில் இரு நாடுகளும் மொழி ஒருமைக்கான அரசுறவு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. அதன் தொடர்ச்சியாக 1945இல் லிஸ்பனில் இரு கழகங்களின் பேராளர்கள் கூடி விரிவான உடன்பாட்டை உருவாக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் இரு அரசுகளும் ஆணை பிறப்பித்தன. போர்ச்சுகலில் அது நடைமுறைக்கு வந்தது. பிரேசிலில் ஏட்டளவில் மட்டுமே நின்றது. 1955 அக்டோபர் 21ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தால் பிரேசில் முறைப்படி 1943ஆம் ஆண்டு விதித்தொகுப்புக்கே திரும்பிற்று.

இத்தோல்விக்கான காரணம் அரசியலைவிட ஒலியியலிலேயே மிகுதியாக உள்ளது. இரண்டு சிக்கல்கள் இங்கு விளக்கத்தக்கவை.

முதலாவது, ஒலியா மெய்கள். இயக்குநரைக் குறிக்கும் சொல், செயலைக் குறிக்கும் சொல் முதலியவற்றில் இலத்தீன் வழிவந்த ககர, பகர மெய்கள் எழுத்தில் இருந்தும் ஒலிப்பதில்லை. ஐரோப்பியப் போர்ச்சுகீசியத்தில் அழுத்தம் பெறாத உயிர்கள் பெரிதும் குறுகி ஒலிக்கும். ஆனால் மேற்கூறிய மெய்களுக்கு முன்வரும் உயிர் பெரும்பாலும் குறுகாது விரிந்தே ஒலிக்கும். எனவே போர்ச்சுகல் மக்களுக்கு அம்மெய்யெழுத்து ஒலியற்றதாயினும் பயனற்றதன்று; முன்னுள்ள உயிரின் தன்மையைக் காட்டும் குறியாக அது நிற்கிறது. பிரேசிலிலோ அழுத்தமில்லா உயிர்கள் அவ்வாறு குறுகுவதில்லை. அங்கு அம்மெய் வெறும் சுமையே. அதனை 1943இல் பிரேசில் நீக்கிவிட்டது. நீக்கியதை மீண்டும் எழுதுக என்றது 1945 உடன்பாடு.

இரண்டாவது, மேற்குறிகள். மூக்கொலிகளுக்கு முன் அழுத்தம் பெறும் எகர, ஒகர உயிர்களைப் போர்ச்சுகலில் பெரும்பாலும் விரித்தும் பிரேசிலில் குவித்தும் ஒலிப்பர். அந்தோனியோ என்னும் பெயரில் போர்ச்சுகலார் சாய்குறியும் பிரேசிலார் கூரைக்குறியும் இடுவது இதனால்தான். அனைவரும் சாய்குறியே இடுக என்றது 1945 உடன்பாடு. தம் ஒலிப்புக்கு மாறான குறியைத் தம் பெயரின்மேல் இட்டுக்கொள்ளப் பிரேசில் மக்கள் இசையவில்லை. ஒருமை என்பது ஒரு தரப்பின் வழக்கை மற்றத் தரப்பின்மேல் ஏற்றுவதாக அமைந்தபொழுது, அது கையெழுத்தோடு நின்றது.

1967இல் கோயிம்பிராவில் நடந்த மொழியியற் கருத்தரங்கிற்குப் பின் சிறிய அளவிலான நெருக்கம் ஏற்பட்டது. 1971இல் பிரேசிலும் 1973இல் போர்ச்சுகலும் தனித்தனிச் சட்டங்களால் சில மேற்குறிகளை நீக்கின. பெரிய உடன்பாட்டால் ஆகாதது, ஒத்த திசையில் எடுக்கப்பட்ட சிறிய தனி நடவடிக்கைகளால் ஓரளவு ஆயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. 1975இல் இரு கழகங்களும் வகுத்த புதிய வரைவு, போர்ச்சுகலின் 1974 ஏப்ரல் புரட்சிக்குப் பிந்தைய அரசியல் சூழலில் முன்னெடுக்கப்படவில்லை.

5. இருவர் எழுவராதல்: 1986

1975ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஆப்பிரிக்காவில் போர்ச்சுகலின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஐந்து நாடுகளும் விடுதலை பெற்றிருந்தன. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு, கேப் வெர்டி, சாவோ தோமே பிரின்சிப்பி ஆகிய அவை யாவும் போர்ச்சுகீசியத்தை ஆட்சிமொழியாக ஏற்றன. இதனால் இரு கழகங்களுக்கிடையிலான பேச்சு ஏழு அரசுகளுக்கிடையிலான பேச்சாக விரிந்தது. பிரேசில் குடியரசுத் தலைவர் ஜோசே சார்னேயின் முன்முயற்சியால் 1986 மே திங்களில் ரியோ டி ஜனேரோவில் கூட்டம் நடைபெற்றது. கினி-பிசாவு நீங்கலாக ஏனைய ஆறு நாடுகளும் கலந்துகொண்டன. பிரேசில் மொழியறிஞர் அந்தோனியோ ஊவாய்ஸ் இதில் தலையாய பங்காற்றினார்.

மேற்குறிச் சிக்கலுக்கு 1986 வரைவு கண்ட தீர்வு துணிவானது. சாய்குறியா கூரைக்குறியா என்பதே பூசலெனில், ஈற்றயல் அசையிலும் அதற்கு முந்தைய அசையிலும் அழுத்தம் பெறும் சொற்களில் குறியே வேண்டாம் என்றது அது. இதனால் 99.5 விழுக்காட்டுச் சொற்கள் ஒருமையடையும் எனக் கணக்கிடப்பட்டது. போர்ச்சுகலில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நன்னீர் ஆமையைக் குறிக்கும் ஒரு சொல், மேற்குறி நீங்கினால் அவையில் சொல்லத்தகாத சொல்லாகிவிடும் என்பது நாளிதழ்களில் நகைப்புக்குரிய எடுத்துக்காட்டாகப் பரவிற்று. ஆழ்ந்த மொழியியல் வாதங்களைவிட அவ்வொரு சொல்லே பொதுமக்கள் கருத்தை வென்றது எனலாம். வரைவு கைவிடப்பட்டது.

6. 1990 உடன்பாடும் ஒலிப்பு அளவுகோலும்

1990 அக்டோபரில் லிஸ்பன் அறிவியற் கழகத்தில் ஏழு நாடுகளின் பேராளர்களும் மீண்டும் கூடினர். போர்ச்சுகல் தரப்பில் ஜோவாவ் மலாக்கா கஸ்தெலெய்ரோ முதன்மையானவர். டிசம்பர் 16ஆம் நாள் உடன்பாடு கையெழுத்தாயிற்று. முன்னைய தோல்விகளிலிருந்து பாடம் கற்ற இவ்வுடன்பாடு, ஒருமையின் அளவைக் குறைத்து ஏற்பின் அளவைக் கூட்ட முயன்றது. 1986இன் 99.5 விழுக்காட்டிற்கு மாறாக ஏறத்தாழ 98 விழுக்காடே இலக்காகக் கொள்ளப்பட்டது.

அதன் மையக் கொள்கை ஒலிப்பு அளவுகோலாகும். ஒலிக்கும் மெய் எழுதப்படும். ஒலியாத மெய் எழுதப்படாது. கற்றோர் வழக்கில் இருவகை ஒலிப்பும் இருப்பின் இருவகை எழுத்தும் ஏற்கப்படும். மேற்குறிகளிலும் அவ்வாறே. அந்தோனியோவைச் சாய்குறியோடும் எழுதலாம், கூரைக்குறியோடும் எழுதலாம். உடன்பாட்டின் விளக்கக் குறிப்பு 1,10,000 சொற்கள் கொண்ட தொகுதியை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. ஒலியா மெய் நீங்குவதால் மாறுவன ஏறத்தாழ 600 சொற்கள். மேற்குறியில் இரட்டை வடிவம் பெறுவன ஏறத்தாழ 1,400 சொற்கள். பிரேசில் மக்கள் இழந்தவையும் உண்டு. மொழியியலைக் குறிக்கும் சொல்லிலேயே உகரத்தின்மேல் இட்ட இரட்டைப்புள்ளி நீங்கியது; கருத்தைக் குறிக்கும் 'இதெய்யா' என்னும் சொல் சாய்குறியை இழந்தது. எனினும் போர்ச்சுகலின் சொற்களே மிகுதியாக மாறின.

ஒலியா மெய்கள் முன்னுள்ள உயிரைக் காக்கின்றன என்னும் வாதத்திற்கு விளக்கக் குறிப்பு விடை கூறுகிறது. ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் 'பாதெய்ரு' என்னும் சொல்லில் எந்த ஒலியா மெய்யும் இல்லாமலே உயிர் விரிந்து ஒலிக்கிறது. 'நிகழ்கால' எனப் பொருள்படும் 'அத்துவால்' என்னும் சொல்லிலோ ஒலியா மெய் இருந்தும் உயிர் குறுகியே ஒலிக்கிறது. ஆகவே அம்மெய் நம்பத்தக்க குறியன்று என்பது அதன் முடிவு. இதனை மறுப்போர், விதிவிலக்குகள் இருப்பதனால் விதி இல்லையென்றாகாது எனவும், அரிதாக வழங்கும் சொற்களில் எழுத்தே ஒலிப்பை வழிநடத்தும் எனவும் கூறினர்.

ஆனால் ஒலிப்பு அளவுகோலின் ஆழ்ந்த சிக்கல் வேறிடத்தில் உள்ளது. வரவேற்பைக் குறிக்கும் சொல் இதனைத் தெளிவாகக் காட்டும். 1990க்கு முன் இரு நாடுகளும் அச்சொல்லைப் பகர மெய்யோடு ஒரே வகையாகவே எழுதின. போர்ச்சுகலில் அம்மெய் ஒலிப்பதில்லை, பிரேசிலில் ஒலிக்கும். புதிய விதிப்படி போர்ச்சுகல் அதனை நீக்கியது; பிரேசில் வைத்துக்கொண்டது. ஒன்றாக இருந்த சொல், ஒருமைக்கான உடன்பாட்டாலேயே இரண்டாயிற்று. நோக்குநிலையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதுவே நேர்ந்தது. நாட்டைக் குறிக்கும் 'எகிப்து' போர்ச்சுகலில் பகரத்தை இழக்க, அந்நாட்டாரைக் குறிக்கும் சொல் பகரத்தோடு நின்றது. ஒரே வேரின் உறவு கண்ணுக்கு மறைந்தது.

பல ஒலிப்பு மரபுகள் கொண்ட மொழியில் ஒலிப்பை அளவுகோலாகக் கொண்டால் பல எழுத்துக்கூட்டுகளே விளையும். எந்த வட்டார ஒலிப்பையும் நெருங்கி நில்லாத மரபு எழுத்துக்கூட்டே எல்லா வட்டாரத்தாருக்கும் பொதுவாக இருக்கவல்லது. எளிமை, ஒருமை ஆகிய இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்தும் என்று கருதியது உடன்பாட்டின் அடிப்படைப் பிழை என்பது மறுப்போரின் வலுவான வாதம். இரட்டை வடிவங்களை ஒரே சட்டத்தின்கீழ் ஏற்பதே ஒருமை என்பது ஆதரிப்போரின் விடை. முன்னையோர் ஒருமையை எழுத்தில் தேடினர். பின்னையோர் சட்டத்தில் தேடினர். விவாதம் நீண்டதற்கு இவ்விரு பொருள்களும் பிரித்தறியப்படாமையும் ஒரு காரணமாகும்.

7. ஏற்புறுதியின் நீண்ட பாதை

எல்லா நாடுகளும் ஏற்புறுதி அளித்தபின் 1994 ஜனவரி 1ஆம் நாள் உடன்பாடு நடைமுறைக்கு வரும் என 1990இல் விதிக்கப்பட்டது. 1993 ஜனவரிக்குள் பொதுச் சொற்றொகுதி ஒன்றை உருவாக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. இரண்டும் நிறைவேறவில்லை. 1996 ஜூலை 17ஆம் நாள் போர்ச்சுகீசிய மொழி நாடுகளின் சமூகம் என்னும் பன்னாட்டு அமைப்பு லிஸ்பனில் உருவானபொழுது, போர்ச்சுகல், பிரேசில், கேப் வெர்டி ஆகிய மூன்றே ஏற்புறுதி அளித்திருந்தன.

அதன்பின் விதிகளே தளர்த்தப்பட்டன. 1998இல் பிராயாவில் கையெழுத்தான முதல் திருத்த நெறிமுறை, கால வரையறையை நீக்கியது. 2004இல் சாவோ தோமேயில் கையெழுத்தான இரண்டாம் நெறிமுறை, மூன்று நாடுகளின் ஏற்புறுதியே போதும் என்றது. 2002இல் விடுதலை பெற்ற கிழக்குத் திமோர் இணையவும் வழி செய்தது. பிரேசில், கேப் வெர்டி, சாவோ தோமே ஆகியன 2006க்குள் அந்நெறிமுறையை ஏற்றன. அனைவரின் இசைவால் மட்டுமே நடைமுறைக்கு வரவேண்டிய உடன்பாடு மூவரின் இசைவால் உயிர் பெற்றது. அனைவரும் இசைந்தாலன்றி மாற்ற முடியாத விதியை, அனைவரும் ஏற்காத நெறிமுறையால் மாற்றலாமா என்னும் சட்டக் கேள்வி போர்ச்சுகலில் தொடர்ந்து எழுப்பப்பட்டது.

போர்ச்சுகல் நாடாளுமன்றம் 2008 மே 16ஆம் நாள் இரண்டாம் நெறிமுறையை ஏற்றது. பிரேசிலில் அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் குடியரசுத் தலைவர் லூலா இலக்கியக் கழகத்திலேயே ஆணையில் கையெழுத்திட்டார். கழகத்தின் முதல் தலைவரான நாவலாசிரியர் மச்சாடோ டி அசிஸ் மறைந்த நூற்றாண்டு நாள் அது. 2009 ஜனவரி முதல் பிரேசிலில் புதிய முறை தொடங்கியது. 2012 இறுதியில் முடியவிருந்த இடைக்காலம் 2015 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2016 ஜனவரி 1 முதல் அது கட்டாயமாயிற்று. போர்ச்சுகலில் 2011–12 கல்வியாண்டில் பள்ளிகளும், 2012 ஜனவரியில் அரசு அலுவலகங்களும் புதிய முறைக்கு மாறின. இடைக்காலம் 2015 மே திங்களில் முடிந்ததாக அரசு கொண்டது.

8. நிறுவனங்களுக்குள் எழுந்த பூசல்

நாடுகளுக்கிடையே உடன்பாடு எட்டப்பட்டபின்னும் ஒவ்வொரு நாட்டின் நிறுவனங்களுக்குள்ளும் வேறுபாடு தொடர்ந்தது. போர்ச்சுகலில் மொழியியலறிஞர் பலர் உடன்பாட்டை எதிர்த்தனர். 2008இல் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்தை அடைந்தது. 'பப்ளிகு' என்னும் நாளிதழ் பழைய முறையையே தொடர, 'எஷ்பிரேசு' என்னும் வார இதழ் புதியதை ஏற்றது. ஒரே நகரின் வாசகர் ஒரே நாளில் இருவகை எழுத்துக்கூட்டையும் படிக்கும் நிலை உருவாயிற்று.

இப்பூசலின் உச்சம் 2012 பிப்ரவரியில் நிகழ்ந்தது. தாந்தேயையும் பெத்ரார்க்காவையும் மொழிபெயர்த்த கவிஞர் வாஸ்கோ கிராசா மோரா, லிஸ்பனில் உள்ள பெலெம் பண்பாட்டு மையத்தின் தலைவராக அதற்கு முந்திய திங்களில் அமர்த்தப்பட்டார். பதவியேற்ற சில நாள்களிலேயே, மையத்தின் கணிப்பொறிகளில் நிறுவப்பட்டிருந்த எழுத்துக்கூட்டு மாற்றுச் செயலியை நீக்குமாறு அவர் பணித்தார். அங்கோலாவும் மொசாம்பிக்கும் ஏற்காத நிலையில் உடன்பாடு நடைமுறையில் இல்லை என்பது அவர் வாதம். அரசின் ஆணையை அரசு அமர்த்திய ஒருவரே மறுத்த இந்நிகழ்ச்சி பெரும் விவாதத்தை எழுப்பியது.

சொற்றொகுதியை வெளியிடும் உரிமை யாருக்கு என்பதும் பூசலாயிற்று. பிரேசில் கழகம் 2009இல் தன் சொற்றொகுதியின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. போர்ச்சுகல் அரசோ 2011இல், லிஸ்பன் அறிவியற் கழகத்தை விடுத்து, மொழியியல் ஆய்வு நிறுவனம் ஒன்று கணிப்பொறி வழி உருவாக்கிய தொகுதியை ஏற்றது. உடன்பாட்டைப் பெற்றெடுத்த கழகமே அதனை விளக்கும் உரிமையை இழந்தது. 2017 ஜனவரியில் அக்கழகம் உடன்பாட்டைச் செம்மையாக்கப் பரிந்துரைகளை வெளியிட்டது. அரசு அவற்றை ஏற்கவில்லை.

உடன்பாட்டின் சொற்களே ஐயத்திற்கு இடந்தருவன. கூட்டுச்சொற்களில் சேர்ப்புக்கோடு இடுவது பற்றிய விதி, கூட்டு என்னும் உணர்வு 'ஓரளவு' மறைந்த சொற்களைச் சேர்த்து எழுதுக என்கிறது. அவ்வளவை யார் அளப்பது? கூட்டு வாரிசைக் குறிக்கும் சொல்லை உடன்பாடு சேர்ப்புக்கோட்டோடு காட்ட, பிரேசில் கழகம் கோடின்றிச் சேர்த்தெழுதியது. 1940, 1943ஆம் ஆண்டுத் தொகுதிகளின் முரண்பாடு மீண்டும் தோன்றிற்று.

9. ஆப்பிரிக்க நாடுகளின் நிலை

அங்கோலா 1990இல் கையெழுத்திட்டும் ஏற்புறுதி அளிக்காது நின்றது. மொசாம்பிக் அமைச்சரவை 2012இல் இசைவு தந்தும் நாடாளுமன்ற ஏற்புறுதி தொடரவில்லை. இதனைத் தயக்கம் அல்லது காலத்தாழ்வு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. இந்நாடுகளில் போர்ச்சுகீசியம் பாண்டு மொழிகளோடு இணைந்து வாழ்கிறது. மொசாம்பிக்கில் பெரும்பான்மையோர்க்கு அது கற்ற மொழியே.

உடன்பாடு மூன்று புதிய எழுத்துகளைச் சேர்த்து நெடுங்கணக்கை 26 எழுத்துகளாக்கியது. ஆனால் அவற்றை 'பிற மொழிகளிலிருந்து வந்த' பெயர்களுக்கே உரியனவாக்கியது. அங்கோலாவின் குவான்சா ஆற்றின் பெயரும் குவைத், மலாவி ஆகியவற்றோடு அவ்வகையில் எடுத்துக்காட்டப்படுகிறது. லிஸ்பனிலிருந்து நோக்குவார்க்கு அது பிறமொழிப் பெயர். லுவாண்டாவில் வாழ்வார்க்கோ அது தம் நிலத்தின் பெயர். விதியில் பிழையில்லை எனினும் விதி எழுதப்பட்ட இடம் எது என்பதை அச்சொற்கள் காட்டிவிடுகின்றன. பாடநூல்களை மீண்டும் அச்சிடும் செலவும், தத்தம் சொற்றொகுதி உருவாக்கப்படாமையும் இதனோடு சேர்ந்தன. பிராயாவில் உள்ள பன்னாட்டுப் போர்ச்சுகீசிய மொழி நிறுவனம், நாடுகளின் தொகுதிகளை ஒருங்கிணைத்துப் பொதுச் சொற்றொகுதியை 2014இல் முன்வைத்தது. 1993க்குள் தொடங்கியிருக்க வேண்டிய பணி இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தே உருப்பெற்றது.

10. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

இரு எழுத்துக்கூட்டுகள் இருப்பது உலக அரங்கில் மொழியின் மதிப்பைக் குறைக்கிறது என்பதே உடன்பாட்டின் அரசுறவு வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்கள் 2012 ஜனவரி முதல் புதிய முறையை மேற்கொண்டன. அங்குப் பணியாற்றும் மொழிபெயர்ப்பாளர்களின் சொல்வங்கிகளும் அதற்கேற்ப மாற வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரு மொழிபெயர்ப்பு இரு நாடுகளுக்கும் பொதுவாகப் பயன்படும் என்னும் நம்பிக்கை நிறைவேறவில்லை. தொடர்வண்டி, பேருந்து ஆகியவற்றுக்கே இரு நாடுகளிலும் வெவ்வேறு சொற்கள் வழங்குகின்றன. முன்னிலைப் பெயர்களின் ஆட்சி வேறு. வினையோடு பெயர்ச்சொல்லுருபுகள் சேரும் இடம் வேறு. உண்மையைக் குறிக்கும் சொல் போர்ச்சுகலில் ககரம் ஒலிக்க வழங்குவதால் அவ்வாறே எழுதப்படுகிறது. பிரேசிலில் ககரம் இல்லை. ககரமற்ற அவ்வடிவம் போர்ச்சுகலில் ஆடவர் உடையைக் குறிக்கும். இத்தகைய வேறுபாடுகள் எழுத்துக்கூட்டு உடன்பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. பதிப்பகங்கள் லிஸ்பனுக்கும் சாவோ பாலோவுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்புகளையே தொடர்ந்து வெளியிட்டன. போர்ச்சுகலில் சில நூல்களின் தொடக்கத்தில், ஆசிரியர் விருப்பப்படி இந்நூல் பழைய எழுத்துக்கூட்டில் அச்சிடப்பட்டுள்ளது என்னும் குறிப்பும் இடம்பெறலாயிற்று. எழுத்துக்கூட்டு இவ்வாறு எழுத்தாளரின் நிலைப்பாட்டை அறிவிக்கும் அடையாளமாயிற்று.

11. முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கலந்துகொள்ளாது எடுத்த முடிவு மிகச் சிறந்த புலமையின் விளைவாயினும் பிளவையே உண்டாக்கும். 1911இல் போர்ச்சுகல் பிரேசிலைக் கலக்கவில்லை. பின்னைய உடன்பாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் அவையில் இருந்தும் அவற்றின் மொழிச்சூழல் விதிகளில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, உடன்பாட்டின் உயிர் விதிகளில் அன்று, சொற்பட்டியலில் உள்ளது. பொதுச் சொற்றொகுதியை முதலில் உருவாக்கிப் பின்னர்க் கையெழுத்திட்டிருந்தால் பல முரண்பாடுகள் முன்னரே வெளிப்பட்டிருக்கும். அரசுறவு விரைவை நாடுகிறது. அகராதியியல் பொறுமையை நாடுகிறது. 1940களிலும் 1990க்குப் பின்னரும் முன்னையது பின்னையதை முந்திச் சென்றது.

மூன்றாவது, எளிமை வேறு, ஒருமை வேறு. ஒலிப்பை ஒட்டிய எழுத்து குழந்தைக்கு எளிது. மரபை ஒட்டிய எழுத்து கடல் கடந்த வாசகருக்குப் பொது. இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை மொழியியலார் முடிவு செய்ய இயலாது. ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலையை எடுத்துக்காட்டுவதே அவர்கள் கடன். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் கொண்ட பிரேசிலும், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் கொண்ட போர்ச்சுகலும், தம் மொழிகளோடு போர்ச்சுகீசியத்தையும் வளர்க்கும் ஆப்பிரிக்க நாடுகளும் வரவேற்பைக் குறிக்கும் அவ்வொரு சொல்லை இருவகையாக எழுதியும் ஒரே வகையாகவே பொருள் கொள்கின்றன. அவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலை 1911இலேயே இரு கரைகளிலும் இருந்திருப்பின், ஒரு நூற்றாண்டுப் பேச்சுவார்த்தையின் பெரும்பகுதி தேவைப்பட்டிராது.